ஐந்தாவது வட்டம்: குறிப்பேடா, அட்டையா, பி.டி.எஃப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஆறு புது லாங் சைஸ் நோட்டு, நாலு கலர் பேனா. டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வு எழுதப் போகிறாளாம். "நோட்ஸ் எப்படி எடுக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க சித்தி, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தவள்தான். எனக்குக் கிடைத்த பதில், "ஒண்ணு விடாம எழுதி வை." எழுதி வைத்தேன். பதினோரு நோட்டு. முதல் தடவை தேறவில்லை. இரண்டாவது தடவை, தேர்வு தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. அதற்கான பதில் என் நோட்டில் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது: நாலாவது நோட்டு, வலப்பக்கத் தாள், கீழ் மூலை, பச்சை மையில் கட்டம் கட்டியது. பக்கத்தில் டீ சிந்திய கறைகூடக் கண்ணில் நின்றது. கட்டத்துக்குள் என்ன எழுதியிருந்தேன் என்பது மட்டும் வரவில்லை. மூன்றாவது தடவைதான் வேலை கிடைத்தது.

அதனால் அவளுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து, கையிலிருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தோம். அவள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பகல் முழுக்க ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் அவளுக்கென்று இருக்கும் நேரம். பஸ்ஸில் போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். தேர்வுக்கு இன்னும் ஏழு மாதம் என்று கணக்கு. வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

சரி, எதை வைத்து ஒரு வழி நல்லது, ஒரு வழி ஆகாதது என்று சொல்வது? "எது சீக்கிரம் முடியும்" என்று பார்த்தால் பி.டி.எஃப் ஜெயிக்கும். "எது அழகாக இருக்கும்" என்றால் கலர் பேனா ஜெயிக்கும். நான் வைத்துக்கொண்ட அளவுகோல், வட்டத்தைக் கறுத்து விடை குறிக்கும் அந்த ஓஎம்ஆர் தாளிலேயே இருக்கிறது.

டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் சில ஆண்டுகளாக ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம். ஏ, பி, சி, டி நான்கும் விடைகள். ஐந்தாவது வட்டம் இ: 'விடை தெரியவில்லை'. குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், தப்பான விடைக்குக் கழிவு கிடையாது. அப்படியிருக்கும்போது தேர்வறையில் யார் ஐந்தாவது வட்டத்தை நிரப்புவார்கள்? தெரியாததற்கும் குத்துமதிப்பாக ஒன்றைக் கறுப்பதுதான் புத்திசாலித்தனம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் செய்தேன்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் அதையே செய்கிறோம். ஒருத்திக்கு 120 கேள்விக்கு உண்மையாகவே பதில் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 80-ஐ நாலில் ஒன்றாகக் குத்தினால் ஏறக்குறைய 20 சரியாக விழும். அவள் கணக்கில் 140. அந்த 20 கேள்வி, அதாவது 30 மதிப்பெண், அவளுக்குத் தெரிந்ததாகவே பதிவாகிவிடும், திரும்பப் படிக்க மாட்டாள். அசல் தேர்வில் இந்த இருபது வேறு மாதிரி விழுந்தால் போச்சு.

ஆகவே என் கேள்வி இதுதான்: எனக்கு ஒன்று தெரியவில்லை என்பதை, தேர்வுக்கு முன்னாலேயே, எந்த வழி என் முகத்துக்கு நேராகச் சொல்லும்?

முதலில் எல்லாரும் செய்வது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சமச்சீர் புத்தகங்களை வாங்கி, கோடு போட்டுப் படித்து, முடிந்ததும் முதலிலிருந்து திரும்பப் படிப்பது. மூன்று ரவுண்டு முடித்தேன், ஐந்து ரவுண்டு முடித்தேன் என்று சொல்வார்கள். இதில் ஒரு சுகம் இருக்கிறது. மூன்றாவது ரவுண்டில் பக்கம் பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும், எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

இந்தச் சுகத்தைத்தான் 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றி ஒரு பத்தி, கடல்நீர்நாயைப் பற்றி ஒரு பத்தி என்று சின்னச் சின்ன பாடம். ஒரு கூட்டம் நாலு வேளையும் வாசித்தது. சராசரியாக 14 முறை வாசித்துவிட்டார்கள். இன்னொரு கூட்டம் ஒரு வேளை மட்டும் வாசித்தது, மூன்று முறை, மூன்றரை முறை. மீதி மூன்று வேளையும் தாளை மூடி வைத்துவிட்டு, ஞாபகம் வந்ததை வெள்ளைத்தாளில் எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் வாசித்த கூட்டம் முன்னால்: 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இந்த எண்கள்கூட இல்லை. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது அந்த 14 முறை வாசித்த கூட்டம்தான்.

அக்கா மகள் உடனே மடக்கினாள். "தேர்வுல எழுதச் சொல்லலையே சித்தி, நாலு விடை குடுத்து எடுக்கத்தானே சொல்றாங்க? பாத்தா ஞாபகம் வந்தா போதாதா?" நியாயமான கேள்வி. நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். முல்லைப்பாட்டின் ஆசிரியர் யார்? நக்கீரர், நப்பூதனார், நத்தத்தனார், நல்லந்துவனார். பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு பேரும் தெரிந்த பேர். நாலும் 'ந'. ஐந்து ரவுண்டு படித்தவளுக்கு நாலுமே கை தூக்கி "நான்தான், நான்தான்" என்று நிற்கும். தாளை மூடிக்கொண்டு "நப்பூதனார்" என்று ஒரு முறையாவது வாயால் சொன்னவளுக்குத்தான் மற்ற மூன்றும் கையை இறக்கும். விடைகளைத் தருகிறார்கள் என்பது உதவி மாதிரித் தெரியும், கேள்வி எடுப்பவர்களுக்கு அதுதான் வலை விரிக்கும் இடம்.

ஹைலைட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் பழைய பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை அவளிடம் எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் அடிக்காத வரியைத் தேட வேண்டியிருந்தது.

அடுத்து, கைநோட்டு. இதற்கு வக்காலத்து வாங்க ஆள் அதிகம். 2014-இல் வந்த ஓர் ஆய்வு, மடிக்கணினியில் தட்டுகிறவர்களைவிடக் கையால் எழுதுகிறவர்கள் பாடத்தின் கருத்தை நன்றாகப் பிடிக்கிறார்கள் என்று சொல்லி உலகமெல்லாம் பரவியது. பின்னால் மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆனால் அந்த ஆய்வு சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது: கை மெதுவாகப் போகும், எல்லாவற்றையும் எழுத முடியாது, ஆகவே எதை எழுதுவது என்று தலை வேலை செய்தாக வேண்டும். தட்டுகிறவர் அப்படியே இறக்கி வைத்துவிடுவார்.

இதை என் பதினோரு நோட்டில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். நான் கையால்தான் எழுதினேன், ஆனால் அப்படியே இறக்கி வைத்தேன். பாடப்புத்தகத்தை இன்னொரு தடவை என் கையெழுத்தில் அச்சடித்த மாதிரி. ஐந்து மாதம் அதற்கே போனது. திருப்பிப் படிக்கக் கிடைத்தது மூன்று வாரம். நோட்டு போட்டது தப்பில்லை, புத்தகம் திறந்திருக்கும்போதே எழுதினேன் பாருங்கள், அதுதான் தப்பு. ஒரு பாடத்தைப் படித்து, மூடி வைத்து, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து, ஒரே பக்கத்தில் ஞாபகம் இருப்பதை எழுதி, அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்பில் சேர்த்தால், அந்தச் சிவப்புதான் ஐந்தாவது வட்டம். இப்படிச் செய்தால் கைநோட்டு நல்ல வழி. செலவு நேரம்தான். ஒரு பாடத்துக்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். வீட்டிலிருந்து படிப்பவர்களுக்குத் தாங்கும். இவளுக்கு எல்லாப் பாடத்துக்கும் தாங்காது.

பி.டி.எஃப் விஷயத்துக்கு வருவோம். அவள் போனில் டெலிகிராம் குழு மட்டும் ஒன்பது. தினம் நாலு கோப்பு இறங்கும். 'முக்கிய 500 வினாக்கள்', 'கடைசி நேரக் குறிப்புகள்'. இறங்கும்போது ஒரு நிம்மதி, படித்து முடித்த மாதிரியே. பக்கத்து ஊர்ப் பயிற்சி மையம் ஒன்று அச்சடித்து விற்கும் நோட்ஸையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதில் இரண்டு இடத்தில் ஆண்டு தப்பாக இருந்ததை நானே பார்த்தேன். 2011-இல் ஒரு ஆய்வில், துணுக்குச் செய்திகளைத் தட்டச்சு செய்யச் சொல்லி, ஒரு பாதிப் பேரிடம் "இது கணினியில் சேமிக்கப்படும்" என்றும் மறுபாதியிடம் "அழிந்துவிடும்" என்றும் சொன்னார்கள். அழியும் என்று நம்பியவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. அதே ஆய்வின் வேறொரு பகுதியைப் பின்னால் மற்றவர்கள் செய்தபோது அது நிற்கவில்லை, அதனால் இதைப் பெரிய தராசில் வைக்க வேண்டாம். ஆனால் என் டீக்கறையை நினைத்துக்கொண்டேன்: எங்கே இருக்கிறது என்று தெரியும், என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒன்பது குழுவில் ஒன்றை வைத்துக்கொள், நடப்பு நிகழ்வுக்கு மட்டும், மிச்சத்திலிருந்து வெளியே வா என்றேன். முகம் வாடிவிட்டது. இரண்டு வைத்துக்கொண்டாள்.

மனப்பாடம் என்றால் இப்போது எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடு இல்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஒப்பித்த பிள்ளைகளுக்கு முந்திரியும் மாகாணியும் நாக்கு நுனியில் நின்றன. முந்திரி 320-இல் ஒரு பங்கு, மாகாணி 16-இல் ஒரு பங்கு. இன்று கால்குலேட்டர் இல்லாமல் யார் சொல்வார்கள்? நாகர்கோவில் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார், நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தி. அது வேறு கலை, நமக்கு எட்டாது. ஆனால் ஓசையோடு ஒப்பிப்பதும் ஒரு வகையில் மூடி வைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பதுதான். வாய் நின்றுபோகும் இடத்தில் தெரியவில்லை என்று தெரிந்துவிடும். குறை என்னவென்றால் வரிசை. முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். கேள்வி நடுவிலிருந்து கேட்டால் மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டும், மூன்று மணி நேரத்தில் 200 கேள்விக்கு அது கட்டாது. சுருக்கக் குறிகளும் அப்படித்தான். 'ந-நெ, நக்கீரர்-நெடுநல்வாடை' என்று நான் ஒன்று கட்டி வைத்திருந்தேன். திருமுருகாற்றுப்படைக்கும் நக்கீரர் பெயரே வந்து நின்றதும் அது கவிழ்ந்துவிட்டது.

இப்போது அட்டைகள். நான் மூன்றாவது தடவை எழுதும்போது இதற்கு மாறினேன், அதனால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். புதிய யோசனை ஒன்றுமில்லை. எப்போது திரும்பப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். ஜெர்மனிக்காரரான எபிங்ஹாஸ், பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்து 1885-இல் புத்தகமாகப் போட்டார். 20 நிமிஷத்துக்குப் பிறகு 58 விழுக்காடு நேரம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. எண்களை உற்றுப் பாருங்கள். முதல் நாளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது; அதன்பின் ஒரு மாதம் முழுக்கப் போவது அதைவிட ரொம்பக் குறைவு. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாகப் போகாது, இருந்தாலும் சரிவின் போக்கு இதுதான். அப்படியானால் முதல் திருப்புதல் மறுநாளே இருக்க வேண்டும், அதன்பின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

1972-இல் செபாஸ்டியன் லெய்ட்னர் என்பவர் இதை ஒரு பெட்டியாக்கினார். பெட்டியில் ஐந்து அறை. புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக நாள் தள்ளி. நான் ஒரு செருப்பு டப்பாவில் அட்டை வெட்டித் தடுப்பு வைத்தேன். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைகள். எங்கள் தெருவில் வைகாசியும் ஆவணியும் போதும், வருஷத்துக்குத் தேவையான அட்டை வீடு தேடி வந்துவிடும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், தாளும் கெட்டி. ஒரு பக்கம் அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம், மறுபக்கம் யாரோ ஒரு மணமகனின் பாதிப் பெயர்.

இதையே போனில் செய்வது ஆங்கி என்ற செயலி. 2006-இல் டேமியன் எல்ம்ஸ் எழுதியது. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் காசு கிடையாது, ஐபோனில் மட்டும் விலை. எந்த அட்டை இன்றைக்கு என்று அதுவே கணக்குப் போடும். பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கலாம், செருப்பு டப்பாவை அப்படி எடுத்துப் போக முடியாது. ஆனால் இரண்டு பள்ளம் உண்டு. ஒன்று, யாரோ செய்த ஐயாயிரம் அட்டைத் தொகுப்பை இறக்குவது. அது பி.டி.எஃப்பின் தங்கச்சி. அட்டையைச் செய்யும்போதே பாதி பதிந்துவிடும், அந்தப் பாதியை இழக்கிறோம். இரண்டாவது, வட்டி. தினம் 20 புது அட்டை சேர்த்தால் நாளடைவில் தினமும் 200 திருப்புதல் வந்து நிற்கும் என்று ஆங்கியின் கையேடே எச்சரிக்கிறது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஜவுளிக்கடைப் பெண் நாலு நாள் போனைத் திறக்காவிட்டால் ஐந்தாம் நாள் 800 அட்டை முறைத்துக்கொண்டு நிற்கும். அன்றோடு செயலியை அழித்துவிடுவார்கள். ஆகவே இவளுக்கு நாளுக்கு எட்டு புது அட்டை என்று முடிவு செய்தோம். ஏழு மாதத்துக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வரும். அதே விகிதத்தில் தினம் எண்பது திருப்புதல், இரண்டு பஸ் பயணத்துக்குள் அடங்கும்.

அட்டையை எழுதுவதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். அவள் முதலில் எழுதியது: "பத்துப்பாட்டு பற்றிக் கூறுக." இதற்குச் சரி, தப்பு என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? உடைத்தோம். "பத்துப்பாட்டில் கரிகாலனைப் பாடும் நூல்கள் எத்தனை, எவை?" இரண்டு: பொருநராற்றுப்படை, பட்டினப்பாலை. "பட்டினப்பாலை பாடியவரே பாடிய இன்னொரு பாட்டு?" பெரும்பாணாற்றுப்படை. "அதன் தலைவன்?" தொண்டைமான் இளந்திரையன். ஒரு கேள்விக்கு ஒரு பதில், சொன்னதும் ஆமா இல்லை தெரிந்துவிட வேண்டும். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் தமிழிலிருந்தே தொடங்கினாள்.

நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் தொண்ணூறாயிரம் குறிப்புச் சீட்டுகளை ஒன்றோடொன்று எண் போட்டுக் கோத்து வைத்திருந்தாரே, அந்த முறை எப்படி என்று யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அவர் அதிலிருந்து புத்தகங்கள் எழுதினார். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு, எழுதுகிறவர்களுக்கு அருமையான முறை. குரூப் 4-க்கு வேண்டாம் தாயே என்றேன்.

இதுவரைக்கும் அட்டை ஜெயித்துவிட்ட மாதிரித்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஒன்று நடந்தது. '73-ஆவது திருத்தம்?' 1992, ஊராட்சி. '74?' அதே ஆண்டு, நகராட்சி. இந்த இரண்டு அட்டையும் அவளிடம் சறுக்கியதே இல்லை, நாலாவது அறைக்குப் போயிருந்தன. அக்கா வீட்டில் ஆச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சும்மா இல்லாமல், "ஆச்சிக்குக் கிராம சபைன்னா என்னன்னு சொல்லிக் குடு பாப்போம்" என்றேன். "அது வந்து ஆச்சி, வார்டு மெம்பர் எல்லாம் சேந்து கூட்டம் போடுவாங்கல்ல..." என்று ஆரம்பித்தாள். ஆச்சி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மெம்பர் மட்டுமா? ஓட்டு இருக்கிற அத்தனை பேரும்லா போகலாம். நூறுநாள் வேலைக்காவ நான் ரெண்டு தடவ போயி சண்ட போட்டுட்டு வந்திருக்கேன்."

ஆச்சி சொன்னதுதான் சட்டம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும் சேர்ந்ததுதான் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலாக இருந்த கூட்டம், மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து தமிழ்நாட்டில் இப்போது ஆறு. அட்டை அவளிடம் 1992 என்ற எண்ணைக் கேட்டது, எண்ணைச் சொன்னாள். கேட்காததை அது எப்படிப் பிடிக்கும்? 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கீல் என்ற இருவர் செய்ததும் ஏறக்குறைய ஆச்சி செய்ததுதான். ஜிப் எப்படி வேலை செய்கிறது, கழிப்பறைத் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லாரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். இப்போது படிப்படியாக விளக்குங்கள் என்றதும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்.

விளக்கிச் சொல்வதை ஒரு வழியாகவே எங்கள் பட்டியலில் சேர்த்தது அன்றைக்குத்தான். வெட்கமாகத்தான் இருந்தது, ஏனென்றால் இலக்கணத் தாளுக்காக நன்னூலை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள், நானும் படித்தவள்தான். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் பங்கே பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். இது தேர்வுக்கு வரும் என்று நான் அட்டைகூடப் போட்டு வைத்திருந்தேன். எதற்குச் சொன்னார் என்று யோசித்ததில்லை.

இதற்கும் விலை உண்டு. கேட்க ஆள் வேண்டும், தினமும் ஆச்சியைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. பேர், ஆண்டு, எண் மாதிரியான உதிரிச் செய்திகளுக்கு இது வீண். தப்பாகப் புரிந்துகொண்ட இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால் தப்பு இன்னும் கெட்டிப்படும், குழுப் படிப்பில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடப் படிப்பவர்கள் கேள்வி கேட்கிறவர்களாக இருக்க வேண்டும், தலையாட்டுகிறவர்களாக இருந்தால் அரட்டையில்தான் முடியும்.

கடைசியில் அவள் பிடித்துக்கொண்ட ஏற்பாடு இது. விடியற்காலை இரண்டு மணி நேரத்தில் ஒரு பாடம், மூடி வைத்து எட்டு அட்டை. பஸ்ஸில் ஆங்கி. குடிமையியல், அறிவியல், வரலாற்றில் காரண காரியம் உள்ள பாடங்களுக்கு மட்டும் அந்த ஒரு பக்கக் கைநோட்டு, ஆறு நோட்டில் ஒன்று போதும், மிச்சம் ஐந்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை, அன்று அம்மாவுக்கோ ஆச்சிக்கோ ஒரு பாடம் சொல்வது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை 200 கேள்வி மாதிரித் தேர்வு, அதில் குத்துமதிப்பு கூடாது, தெரியாததற்கு ஐந்தாவது வட்டம். தேர்வுக்கு முந்தைய கடைசி இரண்டு தாளில் மட்டும் குத்திப் பழக வேண்டும், ஏனென்றால் அறைக்குள் போனால் குத்தத்தான் வேண்டும்.

வீட்டிலிருந்து முழுநேரம் படிப்பவராக இருந்தால் நான் கைநோட்டைக் கூட்டி அட்டையைக் குறைப்பேன். தேர்வுக்கு இரண்டே மாதம் என்றால் புது அட்டை செய்வதையே விட்டுவிட்டு, பழைய வினாத்தாள்களை எழுதி, இ விழுந்த இடங்களை மட்டும் புத்தகத்தில் போய்ப் படிக்கச் சொல்வேன். வேலை கிடைத்த பிறகு இதில் எவ்வளவு தேறும் என்று கேட்காதீர்கள். நான் சேர்ந்த முதல் நாள், வரும் கடிதங்களைப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். எந்த அறையிலும் அதற்கு அட்டை இல்லை.

முந்தாநாள் பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். இரைச்சலுக்கு நடுவே, "சித்தி, ஓய்மான் நல்லியக்கோடனைப் பாடுன பாட்டு எது, பாடுனது யாரு?"

பாட்டு வந்துவிட்டது, சிறுபாணாற்றுப்படை. ஆள் வரவில்லை. 'ந'வில் தொடங்கும் என்று மட்டும் தெரிந்தது. வாயில் முதலில் வந்து நின்ற நக்கீரரைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன்.

"இ" என்றேன்.

"நல்லூர் நத்தத்தனார்" என்றாள். "உங்களுக்கு முதல் அறை சித்தி, நாளைக்குத் திரும்பக் கேப்பேன்."